திருவிழாவில் விட்ட மூச்சு

அறுபதுகளில் காஞ்சிபுரத்துத் தோல் கிடங்கில், பூஞ்சை பிடித்த உப்புத்தோலை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறுவதுதான் எனக்கும் முனியனுக்கும் வேலை. விடாமல் இருமுவேன். பீடியால்தான் என்று அதை விட்டுப் பார்த்தும் நிற்கவில்லை.

கருட சேவைத் திருவிழாவுக்கு மூன்று நாள் கிடங்கை மூடினார்கள். கூட்டத்தில் பீடிகூடப் பிடித்தேன்.

"என்னாய்யா, இருமலே காணோம்?" என்றாள் மனைவி.

பெருமாள் கண் திறந்துவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கிடங்கு திறந்தது. முதல் தோலை உதறியதுமே வெள்ளைத் தூள் பறந்தது. இருமல் நெஞ்சைப் பிடித்தது. "திருவிழாவுல நின்னே போயிருந்துச்சே" என்றேன். மறுமுனையில் முனியன் மூச்சிரைக்கச் சிரித்தான்.

"எனக்கும் அப்டித்தாம்பா. எல்லாம் இந்தத் தூளுதான். வருசா வருசம் திருவிழாவுக்குக் காத்துக்கினு கெடக்கறேன். சாமியப் பாக்கவா? மூச்சு வுடத்தான்."

அடுத்த தோலை எடுத்தோம். இப்போதும் மேளச் சத்தம் கேட்டால், கும்பிடுவதற்கு முன் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன்.