மலைப்புகையும் என் புகைப்புரையும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் அடங்காது. ஆனால் அந்த மாசி மாதம் ஒரு வார்த்தை பேசாமல் என் புகைப்புரை அடுப்பை நானே அணைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் நாலு வயது மகள் இரண்டு நாளாக மூச்சிழுப்பில் கிடந்தாள். என் புகைப்புரைதான் காரணம் என்று அவர் சொன்னபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

திருவட்டாறு பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. ரப்பர் ஷீட்டுகளைப் புகைப்புரை என்கிற சின்னக் கொட்டகைக்குள் தொங்கவிட்டு, தேங்காய் உரித்த தொண்டும் விறகும் எரித்து நாலைந்து நாள் புகை காட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினால் பூசணம் பிடிக்கும். அந்தப் பருவத்தில் கடைசியாக மரம் கீறி எடுத்த பாலின் ஷீட்டு முழுவதும் அன்று உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்தபோதும் ஊரெல்லாம் புகை.

"அணைச்சேன்னு சொல்லிட்டு விடியதுக்கு முன்னால தீ போட்டிருக்கீங்க. மத்தியானம் ஆனா அணைச்சிருவீங்க. எனக்க பிள்ளைக்கு மூச்சு முட்டுது, கேட்டியளா?" வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கத்தினார். வார்டு மெம்பரம்மாவும் வந்தார். நாளைக்கும் புகை இருந்தால் புரையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அணைந்து கிடக்கிற அடுப்புக்குப் பழியா? அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூக்கும் அப்போதுதான் வேலை செய்தது. ரப்பர் புகையில் ஒரு புளித்த வாடை இருக்கும். இதில் காய்ந்த புல் கருகிய வாடைதான் இருந்தது. ரப்பரோடே வாழ்கிற எனக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும்.

பால்வெட்டுக்கு முன் மழை வருமா என்று போனில் சாட்டிலைட் படம் பார்ப்பது எனக்குப் பழக்கம். அன்று முதல்முறையாக மேகத்தை விட்டுவிட்டுப் புகையைத் தேடினேன். மேகம் வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருக்கும். புகை சாம்பல் நிறத்தில் இழுபட்டுக் கிடந்தது, அதற்கு அடியில் குளங்கள் மங்கலாகத் தெரிந்தன. வடகிழக்கே மலையில் தீயைக் காட்டும் மூன்று சிவப்புப் புள்ளிகள். காலையில் எடுத்த படத்தில் புகை அங்கிருந்து எங்கள் தலைமேல் இறங்கியிருந்தது. மத்தியானப் படத்தில் மலைக்கே திரும்பிப் போயிருந்தது. முந்தைய இரண்டு நாள் படங்களிலும் அதே கதைதான். கடல்காற்று எழும்பியதும் புகை பின்வாங்குகிறது!

மறுநாள் காலை மெம்பரம்மா, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரையும் புரைக்கு அழைத்துப் படத்தைக் காட்டினேன்.

"போன்ல எந்தப் படத்தையும் காட்டலாம்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"சரி. அடுப்புல கைய வச்சுப் பாருங்க," என்றேன். சாம்பல் சில்லென்று இருந்தது. "இப்பம் உங்க முன்னாலயே தீ போடுதேன். எனக்க அடுப்பு எரிஞ்சுட்டு இருக்கும்போதே மத்தியானத்துக்குள்ள ஊர்ப்புகை போவும். போவலன்னா சாவிய நானே தாறேன்."

தேங்காய்த் தொண்டில் தீ வைத்தேன். மெம்பரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார், பக்கத்து வீட்டுக்காரர் உட்காரவில்லை. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஊர்ப்புகை அசையவில்லை, என் புரையின் புகையும் நேரே மேலே போய் அதோடு சேர்ந்துகொண்டிருந்தது. வாய்க்கொழுப்பால் சாவியைத் தொலைத்தேன் என்றே நினைத்தேன்.

பதினொன்றரைக்கு மேல் என் புகை சற்றே வளைந்தது. பிறகு நன்றாகச் சாய்ந்து மலைப்பக்கம் ஓடியது. தோட்டத்துச் சருகெல்லாம் சலசலத்தது. சாலை வளைவில் அதுவரை தெரியாதிருந்த தண்ணீர்த் தொட்டி மெல்லத் தெரிந்தது, அதற்கு மேலே நீல வானமும் தெரிந்தது. என் அடுப்போ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், வெட்கமே படவில்லை. மெம்பரம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "ஃபாரஸ்ட் ஆபீசுக்கு அந்தப் படத்த அனுப்பிக் குடுங்க," என்றார். பக்கத்து வீட்டுக்காரர் மகளைப் பார்க்க வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் அவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியருகே வந்தார்.

"யக்கா, இன்னைக்குப் புகை எப்பம் இறங்கும்?"

"கடல்காத்து அடங்கினதும், ஒரு ஆறு மணிக்கு. அதுக்கு முன்னால ஜன்னல எல்லாம் அடைச்சிருங்க."

தலையாட்டினார். ஆனாலும் போகவில்லை. என் புகைப்புரையைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நாளைக்கும் பாத்துச் சொல்லணும். போன்ல சார்ஜ் கெடக்குல்லா?"