அலமாரி முழுக்க ஒரே பார்சல்

போன செவ்வாய்க்கிழமை நாரணாபுரத்தில் நண்பனின் பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தேன். வாசல் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெடிமருந்து புழங்குகிற இடமாச்சே... முதலாளியே ஆனாலும் போன் உள்ளே போகக் கூடாது.

கேட் ரூம் அலமாரியில் இருபது இருபத்தைந்து போன்கள் மல்லாந்து கிடந்தன. காவலுக்கு மாரீஸ்வரி அக்கா. அவர் நோட்டில் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் போனின் லாக் நம்பர்! வீட்டிலிருந்து அவசர மெசேஜ் வந்தால் அக்கா திறந்து படித்து, உள்ளே போய்ச் சொல்ல வேண்டுமே. அங்கே அப்படி ஒரு பழக்கம்.

நண்பனுக்காகக் காத்திருந்தேன். ஒரு போன் 'டிங்' என்றது.

"ஐயையோ, செல்விக்குல்ல வந்திருக்கு!" அக்கா எழுந்துவிட்டார்.

செல்வி உள்ளே சரம் பின்னுகிற பெண். மூன்று வயது மகளுக்குக் காது கேட்காது. மதுரையில் காது மிஷினுக்கு அளவெடுத்திருக்கிறார்கள், அது பார்சலில் வரும். ஒரு வாரமாக அதே நினைப்பாக இருக்கிறாளாம்.

மெசேஜ் இதுதான்: 'முகவரி முழுமையாக இல்லை. பன்னிரண்டு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் உங்கள் பார்சல் திருப்பி அனுப்பப்படும்.' கீழே ஒரு லிங்க்.

"அண்ணாச்சி, மணி பதினொன்னே முக்கால்! திருப்பி அனுப்பிட்டாகன்னா இன்னும் எம்புட்டு நாளாகுமோ?"

"அட்ரஸ்தானே... போட்டு விடுங்கக்கா" என்றேன். சொன்னது யார்? லிங்க்கைத் தொடாதீர்கள் என்று இதே பத்திரிகைப் பக்கத்தில் உங்களுக்குப் பாடம் எடுத்த மேதாவி!

அக்கா, செல்வியின் பேர், தெரு எல்லாம் தட்டினார். 'குறிப்பு' என்றிருந்த கட்டத்தில், 'பாப்பா காது மிஷின், அவசரம்' என்று அவராகவே சேர்த்தார். அடுத்த பக்கம் கார்டு நம்பர் கேட்டது.

அப்போது பக்கத்துப் போன் டிங். அதற்கடுத்தது டிங்... அலமாரியில் வரிசையாக ஒவ்வொரு திரையிலும் வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் அதே பார்சல், அதே பன்னிரண்டு மணி. கடைசியாக என் போன். அத்தனை பேருக்குமா ஒரே நேரத்தில் பார்சல் வரும்? ஏமாற்று வேலை! அக்கா செல்வியின் போனைக் கீழே வைத்தார்.

தப்பித்தோம் என்றுதானே நினைப்பீர்கள்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

சாப்பாட்டு நேரத்துக்குச் செல்வி வந்தாள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவள் போன் அடித்தது. கையெல்லாம் மருந்து — ஸ்பீக்கரில் போட்டாள்.

"செல்விம்மா, பாப்பாவோட காது மிஷின் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. கார்டு நம்பர் மட்டும் சொல்லுங்க. பாவம், சின்னப் பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்ல?"

அவ்வளவு கனிவான குரல்! செல்வி முகம் மலர்ந்தே விட்டது. மலராதா பின்னே? பெற்ற பிள்ளையைப் பற்றி யாரோ இப்படி விசாரித்தால் நானும்தான் நம்புவேன். நாங்கள் எழுதிக் கொடுத்ததை அவன் அவளிடமே அன்பாகத் திருப்பிச் சொல்கிறான். அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையில்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அக்கா பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். "ஏத்தா, சொல்லிராத! மிஷின் சங்கதிய நாந்தான் எழுதித் தொலைச்சேன்!"

செல்வி அக்காவைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"அண்ணே... எந்தக் காதுக்கு மிஷின்?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினான். பிறகு, அதே கனிவோடு — "வலது காதும்மா."

"ரெண்டு காதுக்கும்ல அளவெடுத்தாக!"

கட் பண்ணிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்காவும் அழுதார். எனக்கு இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

நிஜமான பார்சல் வெள்ளிக்கிழமை வந்ததாம். கொண்டுவந்தவருக்குப் பாப்பாவைப் பற்றி ஒன்றுமே தெரியாதாம்!