மீன் மார்க்கெட் வரைக்கும்

ரவுடிப் படங்களில் என் அப்பாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பழைய வெளிநாட்டுப் படம். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்தாராம். பாஷை புரியாது. ஊரையே நடுங்க வைக்கும் தலைவன் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசி, மீன்காரியிடம் திட்டு வாங்கும் காட்சி மட்டும் அவருக்கு உயிர்.

"அவ்ளோ பெரிய ரவுடி, வாய மூடிக்கினு நிக்கிறான் பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் படத்தை வீடியோ கேமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கதை நடக்கும் ஊரை நாமே சுற்றலாம், மார்க்கெட்டும் உண்டு என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்: "இன்னாடா, வந்துச்சா?"

எங்கே வந்தது? கேம் கம்பெனிக்காரன் ஒரு தேதி சொன்னான், தள்ளி வைத்தான். இன்னொன்று சொன்னான், அதையும் தள்ளி வைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. இங்கே சர்க்கரை வியாதி அப்பாவின் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு ஊசி போடலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். பார்வை போவதற்குள் கேம் வந்துவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கவலை.

ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டினேன். கட்டியிருக்கும்வரை கவிச்சி கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, பொய் கூடாது. பார்த்தால், அந்த வாரமே கேம் வந்து நின்றது.

டவுன்லோடு ஆகும்வரை அப்பா டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஆரம்பித்ததும் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். பின்னால் நின்ற என் மனைவி விடவில்லை.

"காப்பு கட்டிக்கினு ஆள சுடுவீங்களா? டிவில சுட்டாலும் சுட்டதுதான்."

அப்பாவும் அவள் கட்சி. "சுடாதடா. நேரா மார்க்கெட்டுக்குப் போ."

துப்பாக்கி வைத்திருக்கும் ரவுடி, யார் வம்புக்கும் போகாமல் ஓரமாக நடந்தான். வழியில் ஒருவன் குத்தினான். வாங்கிக்கொண்டு ஓடினேன். சத்தத்தைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எத்தனை நாளாயிற்று அவர் அப்படிச் சிரித்து! எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்க்கெட் வந்தது. தார்ப்பாய், ஐஸ் பெட்டி, பச்சைத் துணியைத் தலையில் கட்டிய அதே மீன்காரி. டிவி முழுக்க அவள் முகம் தெரிகிற மாதிரி கிட்டே கொண்டுபோய் நிறுத்தினேன்.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தார். போன மாதம்வரை பஸ் நம்பரைப் படித்த மனிதர்.

"எங்கடா அவ?"

பட்டனை அழுத்தினால் திட்ட ஆரம்பிப்பாள். குரல் கேட்டுவிட்டால், அவள் எதிரிலேயே நிற்கிறாள், தனக்குத்தான் தெரியவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். விரலை எடுத்துவிட்டேன்.

"அவ இன்னும் வரல நைனா. அடுத்த தபா அனுப்புவாங்களாம்."

"இவனுங்களே இப்படித்தான். தள்ளி வச்சிக்கினே இருப்பானுங்க" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

திரும்பி மனைவியைப் பார்த்தேன். மீன்காரியையும் என் கையிலிருந்த காப்பையும் அவள் பார்த்தாள்.