ஒன்பது விநாடி

ராயபுரத்து ஃப்ளோரன்ஸுக்கு அரபியில் ஒரு சொல்லும் தெரியாது. ஷார்ஜாவில் இயங்கும் ஓர் இணையச் சேனலின் பேட்டிகளை ஆறு வருடமாக எடிட் செய்கிறவள் அவள்தான். பேச்சின் பொருள் கூடவே வரும் குறிப்பில் இருக்கும். எங்கே வெட்டக் கூடாது என்பதைச் சாவு வீடியோக்களில் கற்றாள். வெளிநாட்டிலிருந்து வர முடியாத பிள்ளைகளுக்காகக் மாதா கோயில் பூசை முதல் காசிமேட்டுக் கல்லறை வரை எடுப்பவை அவை. அழுகைக்கு முந்தைய மூச்சை வெட்டினால் வீட்டார் வந்து திட்டுவார்கள்.

திருவொற்றியூர் ஸ்டுடியோவின் முதலாளி எபினேசர் முன்பு சீரியல் லைட் வாடகைக்கு விட்டவர். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்ததே இல்லை. துபாயில் ஒரு கண்காட்சியைச் சுற்றிவிட்டு வந்தவர், கழுத்து அட்டையை ஒரு வாரம் கழற்றவில்லை. அங்கே எடிட்டர்கள் எல்லாரும் ஏஐக்கு மாறிவிட்டார்களாம். எப்படி மாறினார்கள் என்று அவர் கேட்டுவரவில்லை.

"இன்னா ஃப்ளோரன்ஸு, பேசாம கீற எடத்தையெல்லாம் இனிமே இந்த ஏஐயே தூக்கிடும். திங்கக்கெழமைக்குள்ள நீ மாறலன்னா உன் சீட்ல வேற ஆளு."

"நீ ஓட்டிப் பாத்தியாண்ணே?"

"டெமோல பாத்தேன்மா."

"அண்ணியையும் டெமோல பாத்துதான் கட்டிக்கினியா?"

அன்று வந்தது, லாரி மோதி மகனை இழந்த ஒரு தாயின் பேட்டி. ஓட்டுநரை மன்னிப்பீர்களா என்பது கேள்வி. தாய் ஒன்பது விநாடி தன் முக்காட்டு நுனியைச் சுருட்டினாள். பிறகு, ஆம் என்றாள். ஏஐ அந்த ஒன்பதையும் தூக்கிவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர் "ஏறு" என்கிற வேகத்தில் தாய் மன்னித்தாள்.

"சூப்பரா கீதே!" என்றார் எபினேசர்.

ஃப்ளோரன்ஸ் கருவியை ஒதுக்கவில்லை. அது வெட்டி எறிந்த நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளை மட்டும் வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். இருமல், தண்ணீர் குடிப்பது, ஏசி இரைச்சல். நடுவே அந்த ஒன்பது விநாடி. குப்பை எது என்று தெரியாவிட்டாலும் கருவிக்குக் கூட்டிவைக்கத் தெரிந்திருந்தது. முதலாளிக்கு அதுவும் தெரியாது. அந்த ஒன்பது விநாடி உட்பட மூன்று துண்டுகளைத் திரும்ப வைத்து, மதியச் சாப்பாட்டுக்குள் அனுப்பினாள்.

திங்களன்று ஷார்ஜாவிலிருந்து செய்தி: அந்த அமைதியை விட்டுவைத்தவரிடமே இனி எல்லாப் பேட்டியும் கொடுங்கள். "அது எங்கள் ஏஐ" என்று பதில் எழுதிய எபினேசர், அவளிடம் குனிந்து கேட்டார்.

"எந்த பட்டன்மா அழுத்துன?"

"அன்டூ."

வெட்டியதைத் திரும்பக் கொண்டுவரும் பட்டன் அது. கம்ப்யூட்டர் வகுப்பில் பிள்ளைகள் முதல் நாளே கற்பது. எபினேசர் அதை ஃபோனில் கவனமாகக் குறித்துக்கொண்டார். அவள் சீட்டைப் பற்றி அப்புறம் பேசவில்லை.