வேல்ஸ் இளவரசியைப் பார்க்க மெல்பேர்ணுக்கு

சனிக்கிழமை, காலை 6.20. சிட்னியின் புறநகரான ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையத்தில் சூட்கேஸுடன் நின்றேன். மெல்பேர்ணுக்கு விமானத்தில் போனால் ஒன்றரை மணித்தியாலம். ரயிலில் பதினொரு மணித்தியாலம், எண்பத்தைந்து டொலர். "உனக்கென்ன விசரா?" என்று சிநேகிதிகள் கேட்டார்கள். விசர் இல்லை. இரண்டு வருஷமாகப் பேசாத மகளிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஒன்றரை மணித்தியாலம் காணாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் தாரணி டொக்டர் படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு, வரலாறு படிக்கப் போகிறேன் என்றாள். அதுவும் மத்தியகால வேல்ஸ் நாட்டின் அரசகுலப் பெண்களைப் பற்றி. வேல்ஸ்! இங்கிலாந்துக்குப் பக்கத்தில் மழையும் செம்மறியாடும் உள்ள இடம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. "எண்ணூறு வருஷத்துக்கு முன்னம் செத்த ராசாத்தியள் உனக்குச் சோறு போடுவினமோ?" என்று போனில் கத்தினேன். கோயிலில் ஒருவர் விடாமல் என் மகள் டொக்டராகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்த வாய் அது. அந்தச் சூட்டில், "எனக்கு மகள் எண்டு ஒருத்தி இனி இல்லை" என்றும் சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்தாள். அன்று வைத்ததுதான்.

இரண்டு கிழமைக்கு முன் மெல்பேர்ணில், மல்கிரேவ் பக்கம் இருக்கும் என் சிநேகிதி வதனி ஓர் அழைப்பிதழைப் படம் பிடித்து அனுப்பினாள். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி. வேல்ஸ் வம்சாவளிப் பெண்கள் சிலர் சேர்ந்து, பழைய இளவரசிகளின் கதைகளை மேடையில் சொல்கிறார்கள். சிறைப்பட்ட இளவரசி க்வென்லியனாக என் மகள்.

7.40க்குச் சிட்னி சென்ட்ரல் நிலையத்திலிருந்து மெல்பேர்ண் ரயில் புறப்பட்டது. கோல்பேர்ன் தாண்டும்வரை நான் தலை நிமிரவில்லை. இணையத்தில் எடுத்த முப்பது பக்கங்கள் மடியில் இருந்தன. பக்கத்துக் கதிரையில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, வழியிலுள்ள வாகா வாகா என்ற ஊரில் வேலை.

"ஆன்ட்டி, ஹிஸ்டரி டீச்சரா நீங்க?"

"இல்லைப் பிள்ளை. முதியோர் இல்லத்தில நேர்ஸ்."

படித்ததை யாருக்காவது சொல்லியே ஆகவேண்டும் போல இருந்தது. க்வென்லியன் என்ற பெயரில் இரண்டு பேர் முக்கியமானவர்கள் என்றேன். மூத்தவள், புருஷன் உதவி தேடி வடக்கே போயிருந்த நேரம், கிட்வெலி என்ற ஊரில் தானே படை நடத்திப் போனவள்.

"ஆமா, ஜெயிச்சாங்களா?"

"தோத்துப் போனா. தலையை வெட்டிப்போட்டாங்கள். ஆனா அந்த வயலுக்கு இண்டைக்கும் அவவின்ர பேர்தான்."

பிறகு ஜோனைப் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்து மன்னனின் மகள், வேல்ஸ் இளவரசனின் மனைவி. தகப்பனின் படை புருஷனின் நாட்டுக்குள் வந்தபோது தகப்பனிடமே தூது போய்ச் சமாதானம் பேசியவள். இளைய க்வென்லியனாக நடிக்கும் என் மகளைப் பற்றியும், அவள் டொக்டர் படிப்பை விட்டதையும் சொன்னேன். அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்டாள். கடைசியில், "இதைப் படிக்கவா உங்க பொண்ணு டாக்டர் சீட்டை விட்டா? எங்கம்மாவா இருந்தா கொன்னே போட்டிருப்பாங்க" என்றாள்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "ஏன் கொல்லுறது? அவள் நல்லாத்தானே படிக்கிறாள்!" என்று பாய்ந்தேன். அவள் பயந்துபோய் ஒரு பிஸ்கட் தந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குப் பிறகு ஆல்பரியில் மறே ஆற்றைக் கடந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விக்டோரியா, மகளின் மாநிலம். 6.30க்கு மெல்பேர்ணில் இறங்கியபோது, மகளுக்குச் சொல்ல நான்கு வசனங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். நான்கும் நல்ல வசனங்கள்.

ஞாயிறு, பிற்பகல் 1.00. மண்டபம் ஃபெர்ன்ட்ரீ கல்லியில், வதனி வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீற்றர். வதனியோ எதிர்த்திசையில் ஸ்பிரிங்வேலுக்குக் காரை விட்டாள். மீன் வாங்க வேண்டுமாம்.

"நேரம் போகுதடி."

"சறோ, பதறாதை. கார்ட்டில ரெண்டு எண்டு போட்டால் மூண்டுக்குத்தான் குத்துவிளக்கே ஏத்துவினம்."

நியாயமாகத்தான் பட்டது. முப்பது வருஷமாக நான் போன அரங்கேற்றம், கலியாணம், ஒன்றாவது சொன்ன நேரத்துக்குத் தொடங்கியதா? நானும் அரைக் கிலோ இறால் வாங்கினேன்.

3.05க்கு மண்டபத்துக்குள் நுழைந்தோம். மேடையில் ஜோனாக ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற மேகன் என்ற முதிய பெண்மணியிடம், சிறைப்பட்ட இளவரசி எப்போது வருவாள் என்று கிசுகிசுத்தேன்.

"அவள்தான் முதலாவது. சரியாக இரண்டு மணிக்கு. அருமையாகச் செய்தாள்" என்றார்.

குத்துவிளக்கு இல்லாத சனம் என்பதை யோசிக்காமல் போனேனே! பின்வரிசையில் போய் இருந்தேன். மேடை ஓரத்தில் கன்னியாஸ்திரியின் வெள்ளை உடுப்பில் தாரணி நின்றாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

கடைசியில் மேகன் மேடையேறினார். அந்தக் காலத்து வேல்ஸ் பெண்கள் கலியாணம் முடித்தாலும் புருஷனின் பெயருக்கு மாறுவதில்லை, சாகும்வரை இன்னாரின் மகள்தான் என்றார். அதனால் அவர்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டாம்: நிகழ்ச்சி முடியும்போது மண்டபத்திலுள்ள ஒவ்வொரு பெண்ணும் எழுந்து தன் பெயரையும், தான் யாருடைய மகள் என்பதையும் சொல்ல வேண்டும். வரிசை வரிசையாக எழுந்தார்கள். ஆன், தோமஸின் மகள். ரூத், டேவிட்டின் மகள். வதனியும் எழுந்து தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

என் முறை. கணபதிப்பிள்ளையின் மகள் என்று சொல்ல வாயெடுத்தேன். ரயிலில் கட்டிய நான்கு வசனத்தில் ஒன்றும் நினைவில் இல்லை.

"நான் சறோஜினி" என்றேன். "தாரணியின்ர அம்மா."

பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன், எல்லோருக்கும் விளங்கும்படி, உரத்து. வழக்கத்தை மீறிவிட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. தாரணி தலையைக் குனிந்தபடி நின்றாள். அவள் தோள் குலுங்குவது பின்வரிசை வரை தெரிந்தது.

4.30. கார் நிறுத்துமிடத்தில் அவளாகவே வந்தாள்.

"அம்மா, இட் ஸ்டார்ட்டட் அட் டூ."

"தெரியும் பிள்ளை."

"அப்ப நான் செய்ததை நீங்கள் பாக்கேல்லையா?"

"இல்லை. மீன் வாங்கப் போட்டு வந்தனாங்கள்." அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? "பிழை என்னில. இண்டைக்கும் பிழை. அண்டைக்குப் போனில சொன்னதும் பிழை."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். பிறகு முக்காட்டைச் சரி செய்துகொண்டு வதனியின் காருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். வதனி சாவியைக்கூட ஆட்டாமல் நின்றாள்.

"நான் க்வென்லியன், லெவெலினின் மகள். என்னைப் பெறும்போதே அம்மா இறந்தாள். எனக்கு ஒரு வயது ஆகுமுன் அப்பாவைக் கொன்றார்கள். என்னைத் தொட்டிலோடு தூக்கிப்போய் இங்கிலாந்தில் கன்னியர் மடமொன்றில் அடைத்தார்கள். ஐம்பத்து நான்கு வருஷம் அங்கே இருந்தேன். என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை."

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான்கு நிமிடம். முடிந்ததும் கை தட்ட எனக்குக் கை வரவில்லை.

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை" என்றேன்.

முதலிலிருந்து சொன்னாள், இந்தமுறை தமிழில்.