கைப்பையில் வந்த துணி

செய்தி வந்தபோது மணி மூன்று பத்து. சவூதியின் கிழக்குக் கரையில், தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பில், தவ்ஃபீக் விடிகாலை ஷிப்டுக்காகப் பல் விளக்கிக்கொண்டிருந்தான். தண்டையார்பேட்டையில் அப்போது ஐந்து நாற்பது. அக்கா நவ்ரீன் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தாள்.

"தவ்ஃபீக்கு, அத்தா மவுத்தாயிட்டாருடா. சுபுஹுக்கு எழுப்பலாம்னு போனேன். கை சில்லுனு கீது."

வாயில் நுரையோடு அவன் நின்றான். துப்ப வேண்டும் என்று தோன்றவில்லை.

"மஜீது மாமு ராத்திரி இஷா தொழுக வரிக்கும் வெச்சிக்கலாம்னு சொல்லுது. அதுக்கு மேல ஜமாத்துல ஒத்துக்க மாட்டாங்க. வந்துருவியா?"

"வந்துர்றேன்" என்றான். முடியுமா என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

அலமாரியைத் திறந்தான். சட்டைகளுக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம், பக்கத்தில் மக்காவிலிருந்து கொண்டுவந்த அரை லிட்டர் ஜம்ஜம் தண்ணீர். இரண்டு வருடமாக இரண்டும் அங்கேயே இருந்தன.

அவன் அத்தா சௌக்கத் அலி, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் முப்பத்தோரு வருடம் நின்றவர். ஷிப்டு விட்டு வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதிப்பது வேலை. செம்புக் கம்பி, பித்தளைத் துண்டு, பேரிங்கு, எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஆனால் அவர் யாருடைய பைக்குள்ளும் கை விட்டதில்லை. "நீயே தொறந்து காட்டு நைனா" என்பார். எதிரில் நிற்பவனின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், பையை ஒரு தடவை பார்ப்பார், போகச் சொல்வார். ஒரு ஷிப்டுக்கு நானூறு பேர். சிலர் சாப்பாட்டு கேரியரை அவர் மூக்குக்கு நேராக நீட்டுவார்கள்.

"பாய், இன்னிக்கு நெத்திலி. மோந்து பாத்து உப்பு கரெக்டானு சொல்லு."

"கம்மி. போ" என்பார், சிரிக்காமல்.

தன் வேலை முடிந்து கிளம்பும்போது, அடுத்த ஷிப்டுக்கு வந்த ஆளிடம் தன் பையையும் திறந்து காட்டுவார். அந்த ஆள் கூச்சத்தில் நெளிவான்.

"இன்னா பாய், உன்னியப் போய்ப் பாத்துகினு."

"பாரு. பாத்துட்டேன்னு சொல்லு."

அவன் சொல்லும்வரை அங்கிருந்து நகர மாட்டார். பழக்கம் விடாமல், வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முன்னாலும் பையைத் திறந்து வைப்பார். "ஒண்ணும் இல்லாத பைய டெய்லி எதுக்கு எனுக்குக் காட்ற" என்பாள் அம்மா. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. அவளுக்குப் பிறகு நவ்ரீன்தான் கணவனோடு வந்து அத்தாவுடன் இருந்தாள். ஓய்வுக்குப் பின் அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. நின்றே தேய்ந்த முழங்கால்.

விமான நிலையத்துக்கு அவர் வந்தது இரண்டு தடவை, மகனை வழியனுப்ப. வாசலுக்கு வெளியே தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த சோதனையை வெகுநேரம் பார்த்தார். சவூதிக்குப் போய்ச் சேர்ந்து தவ்ஃபீக் போன் செய்தபோது சொன்னார்: "உன் மூஞ்சிய ஒருத்தனும் பாக்கல. டிவியத்தான் பாத்துகினு இருந்தானுங்கோ."

மகன் சவூதியில் இருந்த ஒன்பது வருடத்தில் அவர் அவனிடம் கேட்டது ஒரே ஒரு பொருள். போர்வை வேண்டாம், வாட்ச் வேண்டாம், அத்தர் வேண்டாம்.

"எனுக்கு ஒரு கஃபன் துணி எட்தாந்துரு, மவுத்தானா போத்தறதுக்கு. ஜம்ஜம்ல நனச்சது. அத்தோட போறேன். வேற ஒண்ணும் கேக்கல உன்ன."

தவ்ஃபீக் உம்ராவுக்குப் போனபோது வாங்கினான். ஆணுக்கு மூன்று விரிப்பு, நல்ல பருத்தி. கூடத் தங்கியிருந்தவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கியதை வாளியில் ஜம்ஜம் ஊற்றி நனைத்து, அறையிலேயே கயிறு கட்டி உலர்த்தினார்கள். அவன் மட்டும் நனைக்கவில்லை. நனைத்தால், அத்தாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தது போலாகிவிடும் என்று பட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தான். போன வருடம் விடுப்பில் வீட்டுக்குப் போனபோது துணியை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனான். அவன் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்ததை அத்தா நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

"துணி?"

"அடுத்த தபா அத்தா."

"சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

நாடு விட்டுப் போவதற்கான அனுமதியைக் கம்பெனி ஆள் ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். கிடைத்த டிக்கெட், நடுவில் ஓர் ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டியது. அங்கே இருப்பது ஒன்றே முக்கால் மணி நேரம். விமான நிலையத்துக்குக் கூட்டிவந்த டிரைவர் பெட்டியே போட வேண்டாம் என்றார். பெட்டி போட்டால் சென்னையில் பெல்ட் முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். நடுவில் மாறும்போது அது வேறெங்காவது போய்விட்டால் அதுவும் போச்சு. தோளில் மாட்டும் ஒரு பை போதும். அதில் துணியும் தண்ணீர் பாட்டிலும் ஒரு சட்டையும் இருந்தன. துணியை அறையிலேயே நனைத்திருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் அது அவனுக்குத் தோன்றவில்லை.

முதல் சோதனையில் பாட்டிலை எடுத்துப் பார்த்தவர், "ஜம்ஜமா?" என்று கேட்டார். தலையாட்டினான். நெஞ்சில் கை வைத்துவிட்டுப் பாட்டிலைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார். அதோடு தண்ணீர் விஷயம் தீர்ந்தது என்று தவ்ஃபீக் நினைத்துக்கொண்டான்.

இறங்கி மாறிய ஊரில், அடுத்த விமானத்துக்குப் போகும் வழியிலேயே இன்னொரு சோதனை. முந்நூறு பேர், நான்கு வரிசை. தவ்ஃபீக் ஷூவைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான், போனையும் பவர் பேங்கையும் தட்டில் வைத்தான். பை உள்ளே போய், தனியாக ஒதுங்கியது. கையுறை போட்ட ஒரு பெண் பாட்டிலை வெளியே எடுத்தாள்.

"நூறு மில்லிக்கு மேல் அனுமதி இல்லை" என்றாள் ஆங்கிலத்தில்.

"அங்கே விட்டார்களே."

"அது அந்த ஏர்போர்ட். இது இந்த ஏர்போர்ட். இங்கே எல்லோருக்கும் மறுபடி சோதனை உண்டு. குடித்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தத் தொட்டியில் போடுங்கள்."

குரலில் கோபம் இல்லை. அன்று காலையில் நூறு பேரிடமாவது அதையே சொல்லியிருப்பாள். அவன் பாட்டிலையும் பையையும் வாங்கிக்கொண்டு, சோதனைக்கு முன்னால் இருந்த தொட்டியின் அருகே திரும்ப வந்தான். பாதி குடித்த கோலா, ஷாம்பு, யாரோ கொண்டுவந்த தேன் எல்லாம் அதில் கிடந்தன. நவ்ரீன் கூப்பிட்டாள்.

"எங்கடா கீற?"

"நடுவுல மாறிகினு கீறேன்க்கா. தண்ணிய வுட மாட்டேன்றாங்கோ."

"இன்னா தண்ணி?"

"ஒண்ணும் இல்ல. வந்துகினே கீறேன்."

போனை வைத்ததும், வரிசையில் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த ஒருவன் பக்கத்தில் வந்தான். பெல்ட் கழுத்தில் தொங்கியது.

"தலீவா, பேச்சு நம்ம சைடு மாதிரி கீதே. எந்த ஏரியா?"

"தண்டார்பேட்ட."

"நான் எண்ணூரு. பேரு பென்னி. வெல்டரு." பாட்டிலைப் பார்த்தான். "இத்தப் போட்டுட்டு வேற வாங்கிக்க வேண்டியதுதான? அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சி இப்பிடி கீது?"

தவ்ஃபீக் சொன்னான். அத்தா, துணி, இரண்டு வருடம், எல்லாவற்றையும், யாரிடமும் சொல்லாததை, பெயர் தெரிந்து ஒரு நிமிடம் கூட ஆகாத ஒருவனிடம். பென்னி பெல்ட்டைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான்.

"துணி எங்க கீது?"

"பையில."

"அப்ப துணில ஊத்து. தண்ணிக்குத்தான மில்லி? துணிக்கு இன்னா மில்லி?"

தவ்ஃபீக் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து மூன்றில் ஒரு விரிப்பை அதற்குள் வைத்தான். பிஸ்மில்லா சொல்லி ஊற்றினான். அவசரத்தில் கொஞ்சம் தரையில் சிந்தியது. அடியில் மிச்சம் இருந்த இரண்டு மடக்கைக் காட்டி, "குடிக்கிறியா?" என்று கேட்டான்.

"குடு. எங்க ஏரியா தண்ணியக் குடிச்சு வளந்தவன் நான். பவர் ஹவுஸ் சாம்பல் இல்லாத தண்ணி எதுவா இருந்தாலும் குடிப்பேன்." குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "அப்பாவ நல்லபடியா அனுப்பு தலீவா" என்றான். அவனுடைய விமானம் வேறு நேரத்தில். வரிசையில் முன்னால் போய்க் கலந்துவிட்டான்.

இரண்டாம் முறையும் பை ஒதுங்கியது. அதே பெண். கவரைத் திறந்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது ஏன் ஈரமாக இருக்கிறது?"

"என் அத்தாவுக்கு. அவர் இறந்துவிட்டார். இது அவரைப் போர்த்தும் துணி."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். துணி குடித்தது போக, அடியில் விரல் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. துணி போகலாம், தேங்கியிருக்கும் தண்ணீர் போகக் கூடாது என்றார். அவரும் கத்தவில்லை. அந்தப் பெண் அவனோடு தொட்டிவரை திரும்ப வந்து, துணி பெரிதாக இருந்ததால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். தவ்ஃபீக் பிழிந்தான். கவரைத் தொட்டியின் மேல் சாய்த்தபோது தண்ணீர் அந்தத் தேன் பாட்டிலின் மேல் விழுந்து வழிந்தது. அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். வெடிமருந்துச் சோதனைக்காகத் துணியின் மேல் காகிதத்தைத் தேய்த்தார்கள். காகிதம் நனைந்துபோனதால் இன்னொரு தடவை, பிறகு இன்னொரு தடவை. ஒலிபெருக்கியில் சென்னை விமானத்துக்கான கடைசி அழைப்பு வந்துகொண்டிருந்தது. ஷூவுக்குள் காலை முழுதாக நுழைக்காமலே ஓடினான்.

விமானத்தில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டான். பணிப்பெண் மேலே வைக்கச் சொன்னாள்; அவள் போனபின் மறுபடி எடுத்துக்கொண்டான். நாலரை மணி நேரமும் தொடை சில்லென்று இருந்தது. தூங்கியிருக்கலாம். கண் எரிந்ததே தவிர மூடவில்லை. அத்தா "சரி" என்று சொன்னது எந்தக் குரலில் என்று நினைவுபடுத்திப் பார்த்தான். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சென்னையில் இறங்கியபோது மாலை ஐந்தரை. பாஸ்போர்ட் வரிசை ஊர்ந்து முடிய ஆறு பத்து. டாக்சியை நம்ப முடியாது; மெட்ரோ நேராகத் தண்டையார்பேட்டை போகும். மெட்ரோ நிலையத்திலும் ஒரு எக்ஸ்ரே பெட்டி. பையை வைத்தான், எடுத்தான். அந்த நாளில் நான்காம் முறை. "உள்ள இன்னா சார்?" என்றான் அங்கிருந்தவன். துணி என்றதும் போகச் சொல்லிவிட்டான்.

வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அத்தாவுடன் வேலை பார்த்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மணி ஏழு ஐந்து. குளிப்பாட்டி முடித்து, பள்ளிவாசலிலிருந்து வந்த கஃபனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தவ்ஃபீக் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தான். மீசையைச் சீராக வாரியிருந்தார்கள். பிறகு எழுந்து துணியை எடுத்து நீட்டினான்.

மஜீது மாமு தொட்டுப் பார்த்தார். "ஈரமா கீதே தவ்ஃபீக்கு. பள்ளில குட்த்தத உடுத்திரலாம்டா. சாயந்தரம் அஸருக்கே எட்த்திருக்கணும். எனுக்காகத்தான் ஜமாத்துல பொறுத்துகினு கீறாங்கோ."

"மாமு, அவரு கேட்டது இது ஒண்ணுதான்."

மஜீது வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"குடு இங்க" என்றாள் நவ்ரீன். கூடத்துக் கட்டிலில் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். கண்ணீர் விழாமல் இருக்க முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு தேய்த்தாள். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. தவ்ஃபீக் எதிர்முனையை இழுத்துப் பிடித்தான். கனமான துணி, ஒரு சாண் உலர்வதற்கு ஒரு நிமிடம் ஆனது.

"லேட்டா வந்தாலும் எட்தாந்துட்ட" என்றாள், தலை நிமிராமல்.

"லேட்டுதான்க்கா."

வாசலில் உடலைத் தூக்கிப் போகும் சந்தூக்கை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. மஜீது உள்ளே வந்தார். "போதும்மா, எடு. இஷாவுக்கு பாங்கு சொல்லப் போறாங்கோ. இது உள்ளார இருக்கட்டும், உலந்தது ரெண்டையும் மேல போட்டுக்கலாம்."

"பாதிதான் ஆச்சு மாமு."

"பரவால்ல. எடு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் விலகிக்கொண்டாள். இரண்டு பேர் துணியைத் தூக்கிக்கொண்டு போய் விரித்தார்கள். தலை முதல் இடுப்பு வரைக்கும்தான் தேய்த்து முடித்திருந்தது. இடுப்புக்குக் கீழே ஈரமாகவே இருந்தது.