நாலடி உயர்ந்த வீடு

செங்கொடிக்காவைப் பற்றி எழுதுவதென்றால் பட்டம்மாக்காவையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் இன்னொருவர் என்னோடு பேச மாட்டார். இருவரும் ஒரே வருஷம் வியாசர்பாடிக்கு மருமகளாக வந்தவர்கள். டோல்கேட் பக்கம் ஒரே மாத்திரை கம்பெனியில் முப்பது வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டியவர்கள். எதிரெதிர் வீடு. சந்து குறுகல் என்பதால் ஜன்னலுக்கு ஜன்னல் குழம்புக் கிண்ணம் கைமாறும்.

அப்போதெல்லாம் மழைக்கு ஒரு மரியாதை இருந்தது. ஐப்பசியில் வரும், கார்த்திகையில் போகும். கணுக்கால் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் கால்வாய்க்குத் திரும்பிவிடும். பெரிய மழை என்றால் இருவரும் ஆளுக்கொரு பாயைச் சுருட்டிக்கொண்டு மாநகராட்சிப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே ஊர்க்கதை பேசி அவர்கள் சிரிக்கிற சிரிப்பில் சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு வெள்ளமே திருவிழாவாகத் தெரியும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது வருகிற மழைக்கு ஒழுங்கும் இல்லை, அளவும் இல்லை. சித்திரையில் சுவரைத் தொட முடியாத வெயில். பிறகு ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. இதில் ரோடு வேறு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, எங்கள் வீடுகளெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. 2023 டிசம்பர் புயலில் செங்கொடிக்காவின் கட்டில் மிதந்தது. பெரம்பூர் ரயில்வே கேரேஜில் வேலை பார்த்த அவர் வீட்டுக்காரர் பீம்ராவ் அண்ணன், சாவதற்கு முன் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை.

மகன் அன்பரசன் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம் என்றான்.

“வூடு இன்னாடா லாரியா, ஜாக்கி போட்டுத் தூக்க?” என்றார் அக்கா.

தூக்கத்தான் தூக்கினார்கள். வடக்கிலிருந்து வந்த ஆட்கள் சுவரின் அடியை அறுத்து, வரிசையாக ஜாக்கி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நாலடி ஏற்றினார்கள். தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. வேலை முடிகிறவரை செங்கொடிக்கா சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் பட்டம்மாக்கா வீட்டில்தான்.

சுற்றிலும் மண்ணைக் கொட்டி மேடாக்கிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இரண்டு வீட்டுக்குள்ளும் பங்கு போட்டு நின்ற தண்ணீர் இனி ஒரே வீட்டுக்குள் போகும். பட்டம்மாக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை, வீட்டைத் தூக்க வழியும் இல்லை. எதிர்வீட்டு ஜன்னலும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சில நாள் முக்காலியில் ஏறிக் கிண்ணம் நீட்டினார். பிறகு அதுவும் நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் நானே நடுவில் புகுந்து தீர்த்திருப்பேன்.

செங்கொடிக்கா ஒருநாள் என்னிடம் அழுதார். “நான் தப்பு பண்ணிட்டனா ரமாபாய்? அவ மூஞ்சிய நேரா பாக்க முடியல. எங்கூட்டு தண்ணியும் சேத்து அவ வூட்டுக்குத்தான போவப்போவுது!”

போன கார்த்திகையில் அதுதான் நடந்தது. புயல் வலுவிழந்துவிட்டது என்று டிவியில் சொன்ன பிறகு, இரண்டு நாள் நகராமல் நின்று கொட்டியது. விடிந்தபோது பட்டம்மாக்கா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். செங்கொடிக்கா வீட்டில் வாசற்படிகள் மட்டும் முழுகியிருந்தன. பட்டம்மாக்கா எதிர்வீட்டைக் கூப்பிடவே இல்லை. துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தனியாகப் பள்ளிக்கு நடந்தார்.

அந்தப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். முகாமில் பெயர் எழுதுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் இடம் என்று கண்டிப்பான உத்தரவு. பதினோரு மணி இருக்கும், புடவை சொட்டச் சொட்ட செங்கொடிக்கா வந்து நின்றார்.

பட்டம்மாக்கா ஏறிட்டுப் பார்த்தார். “உங்கூட்லதான் தண்ணி வர்லியே. நீ இன்னாத்துக்கு மே வந்தே?”

“மேல ஒக்காந்துகினு, உங்கூட்டு பாத்திரம் மிதக்கறத வேடிக்க பாக்க சொல்றியா? என்னால முடியல பட்டு. அசிங்கமா கீது.”

எனக்குக் கை ஓடவில்லை. அந்த வீடு காய்ந்து கிடப்பது தெரிந்தும் எப்படி எழுதுவது? என் வேலைக்கே உலை வைக்கிற காரியம். திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை.

“எந்த வூடுன்னு எயுதறதுக்கா?” என்று செங்கொடிக்காவைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பட்டம்மாக்கா எழுந்து வந்து, என் நோட்டில் தன் பெயருக்குக் கீழே விரலை ஊன்றினார்.

“எங்கூட்டு நம்பரே போடு. இவ எங்கூட்டு மனுசி.”

எழுதினேன். அது பொய் என்று யாராவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.